மூச்சு விடுற இடம்

சத்திரம் போகும்மா. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கேதான், உக்காருங்க. பையை இப்படிக் குடுங்க, நான் மடியில வச்சுக்கறேன்.

பாருங்க, நீங்க கேட்டதுக்கு நான் தலையை ஆட்டியிருந்தாப் போதும். வாயைத் தொறந்துட்டேன். நான் பேசவே கூடாதுங்க. ஏழு நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசமாம். அதுக்குத்தான் இந்த நோட்டு, கழுத்துல கயிறு கட்டிப் பேனா. இன்னிக்கு அஞ்சாவது நாள். நாலு நாளா மூச்சு காட்டல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட எழுதித்தான் காட்டினேன். "சாம்பாரா ரசமா"ன்னு எழுதினா, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிச்சிட்டு, அவரும் பேனாவை வாங்கி "ரசம்"னு எழுதறாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு, நீங்க வாயால சொல்லலாமேன்னு கேக்கணும். அதையும் எழுதித்தான கேக்கணும். விட்டுட்டேன்.

இப்ப நாலு நாள் விரதம் போச்சு. போனது போச்சு. முழுகினதுக்கப்புறம் சாண் என்ன, முழம் என்ன.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் திருச்சியில எங்க நாடகம். வசனம் கொஞ்சம், பாட்டு ஜாஸ்தி. இருபத்தோரு பாட்டு, அத்தனையும் மேடையிலயே நின்னு பாடணும். அதுல நான்தான் ராணி. பதினாறு வருஷத்துல மொதத் தடவையா நோட்டீஸ்ல என் பேரைப் போட்டிருக்காங்க. இன்னிக்குப் பதினொரு மணிக்கு டாக்டர் மூக்கு வழியா ஒரு சின்னக் கேமராவை விட்டுப் பாப்பாரு. தொண்டையில வீக்கம் வத்தியிருந்தா நான் பாடலாம். வத்தலன்னா பாட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

பேரா? அது இருக்கட்டும்மா, மெதுவாச் சொல்றேன். 

'உப்பளத்து ராணி'ன்னு நாடகம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சபாபதி சார் குழு. இருபது வருஷமா அந்த ஒரே நாடகத்தைத்தான் ஊர் ஊராப் போடறோம். உப்புக்கு வரி கேட்டு ஓலை அனுப்பின பெரிய ராஜாவை எதுத்து நின்ன ராணி கதை. ராணி வேஷம் தேவகுஞ்சரி அம்மா. குஞ்சரி அம்மான்னுதான் நாங்க கூப்பிடுவோம். நான் அவங்களுக்கு ஸ்டாண்ட்பை.

ஸ்டாண்ட்பைன்னா, அவங்களுக்கு முடியலன்னா நான். அவங்களுக்கு முடிஞ்சா நான் இல்ல. அவங்க பாட்டு, வசனம், நடை, எந்தப் பக்கம் திரும்பறாங்க, எந்தக் கையால வாளை எடுக்கறாங்க, எல்லாம் எனக்கு மனப்பாடமா இருக்கணும். எல்லா நாடகத்துக்கும் போகணும். பக்கத்துத் திரைக்குப் பின்னால ஒரு இரும்பு நாற்காலி போட்டிருப்பாங்க, அதுல உக்காந்திருக்கணும். பதினாறு வருஷம். நானூத்திப் பன்னெண்டு நாடகம். அதுல நான் மேடை ஏறினது ஒண்ணே ஒண்ணு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சொல்வாங்கல்ல, எங்க ஊர்ல ஆலை நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. எனக்கு அதுல வருத்தம் இல்ல. மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு யார் மேலயும் வருத்தம் கிடையாது. நான் மேடை ஏறலன்னா அவங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். அதுக்குப் போயி யாராவது வருத்தப்படுவாங்களா?

உக்காந்திருக்கறதுன்னா சும்மா இல்ல. முழு மேக்கப்போட. செல்லமுத்து அண்ணன்தான் மேக்கப் போடுவாரு. மொதல்ல அம்மாவுக்குப் போட்டுட்டு அடுத்து எனக்கு. அதே கலரு, அதே மை, அதே சவுரி, அதே பச்சைப் பட்டு. எல்லாம் போட்டு முடிச்சுட்டுப் பொட்டு மட்டும் வைக்க மாட்டாரு. ஒரு மேடைக்கு ரெண்டு ராணி ஆகாதுன்னு எங்க குழுவுல ஒரு சாஸ்திரம். பொட்டு வச்சாத்தான் ராணி. நான் வீட்டுலேருந்து வச்சுக்கிட்டுப் போற பொட்டையும் ஈரத் துணியால தொடச்சுடுவாரு. ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்க தாயி"ன்னு சொல்லிட்டுத்தான் தொடைப்பாரு. சுமங்கலி நெத்தியைத் தொடைக்கறோமேன்னு அவருக்கு ஒரு இது. அப்புறம் குங்குமச் சிமிழை என் மடியில வச்சுட்டுப் போயிடுவாரு. கூப்பிட்டா அந்த நிமிஷம் வச்சுக்கிட்டு ஓடணும்ல. ரெண்டரை மணி நேரம் வெறும் நெத்தியோட, சிமிழை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒருதடவை எங்க வீட்டுக்காரர் சாவி வாங்கறதுக்குப் பின்பக்கமா வந்தவரு, என்னைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. "நான் இன்னும் இருக்கேண்டி"ன்னாரு. சிரிச்சோம்.

அவரு எங்க அக்கா வீட்டுக்காரருங்க. என் கூடப்பொறந்த அக்கா, தர்மாம்பாள். மஞ்சக்காமாலையில அக்கா போனப்ப கொழந்தைக்கு மூணு வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பந்தல் பிரிக்கறதுக்குள்ள பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. கொழந்தை வெளியாள் கையில வளரக் கூடாதுல்ல. எனக்கு அப்பப் பத்தொன்பது. அக்காவோட கூரைப்புடவையே எனக்கும். ரவிக்கையை மட்டும் பிடிச்சுத் தச்சாங்க. அவரு தங்கமானவரு, ஒரு குறை சொல்ல முடியாது. இப்பவும் அசதியா வந்து உக்காந்தா, "தர்மா, தண்ணி குடு"ம்பாரு. குடுத்துடுவேன். தாகம்தான முக்கியம், பேரா முக்கியம்? எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்... ஆங், பொட்டு.

வல்லம் வந்துடுச்சு. நேரம் இருக்கு.

நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு கேளுங்க. அந்த நாற்காலியில உக்காந்தா அம்மாவோட மொகம் தெரியாது, முதுகுதான் தெரியும். முதுகைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். எப்ப மூச்சு இழுக்கறாங்க, எவ்வளவு இழுக்கறாங்கன்னு ரவிக்கை முதுகுல தெரிஞ்சுடும். மூணாவது காட்சியில ஒரு பாட்டு வரும். "உப்பெடுத்த கையிருக்கு, ஓலைக்கு நான் அஞ்சுவனோ"ன்னு ஆரம்பிக்கும். அதுல, "அலை கொடுத்த சீதனத்தை அடகு வைக்க மாட்டேன்"னு ஒரு அடி. மேல போயி நீளமா நிக்கணும். குஞ்சரி அம்மா அதுல "மாட்..."னு நிறுத்தி, ஒரு மூச்சு விட்டுட்டு, அப்புறந்தான் "...டேன்"னு முடிப்பாங்க. ராணி அழுகையை அடக்கிக்கிட்டுப் பாடறான்னு சனம் நெனைச்சுக்கும். அந்த எடத்துலதான் கைதட்டலே.

எனக்கு அந்த அடியை நடுவுல நிறுத்தாம ரெண்டு தடவை பாடற அளவுக்கு மூச்சு இருக்கு. ஆனா நானும் அங்க விடுவேன். ராணி அங்கதான மூச்சு விடறா. அப்புறம் அவங்க குரல்ல ஒரு கரகரப்பு இருக்கும். என் குரல் அப்படி இல்ல, மெல்லிசு. தொண்டையை இறுக்கிப் பிடிச்சுப் பாடினா அந்தக் கரகரப்பு வந்துடும். காலையில ஒரு மணி நேரம், கறிகாய் நறுக்கிக்கிட்டே அப்படி இறுக்கிப் பாடிப் பழகுவேன். ஒருநாள் விடல.

மேடை ஏறினது காரைக்குடியில. எட்டு வருஷம் இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி நாடகம். ரெண்டேகாலுக்கு மேக்கப் நாற்காலியிலயே அம்மா மயங்கிச் சாஞ்சுட்டாங்க. பிரஷர். காரை வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. சபாபதி சார் ஓடி வந்து, "லோகா, ஏறு"ன்னாரு. செல்லமுத்து அண்ணன் சிமிழை என் மடியிலேருந்து எடுத்துப் பொட்டு வச்சாரு. அவசரத்துல வச்சது. பொட்டு கொஞ்சம் எடதுபக்கம் எறங்கிடுச்சு. சரி பண்ண நேரம் இல்ல.

அறிவிப்பெல்லாம் கிடையாது. எங்க குழுவுல ஆள் மாறினா மைக்ல சொல்ற வழக்கம் இல்ல. சொன்னா சனம் "இது யாரு, இது யாரு"ன்னு ஆளையே பாத்துக்கிட்டிருக்கும், ராணியைப் பாக்காதும்பாரு சபாபதி சார். நியாயந்தான.

எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க, ஞாபகம் இல்ல. வெளக்கு கண்ணுல அடிச்சுது. சிம்மாசனத்துலேருந்து எந்திரிக்கறப்பக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, அப்படித்தான் எந்திரிப்பாங்க. எனக்கு அப்ப முட்டி நல்லாத்தான் இருந்துச்சு. "மாட்"டுல மூச்சு விட்டேன். கை தட்டினாங்க. முடிஞ்சதும் அந்த ஊர் காலேஜ்ல பிரின்சிபாலா இருந்தவங்க மேடைக்கு வந்து எனக்கு சால்வை போர்த்தினாங்க. "குஞ்சரி அம்மா, இந்த வயசுலயும் என்ன குரல் உங்களுக்கு!"ன்னாங்க. கும்பிட்டு வாங்கிக்கிட்டேன். நானூறு பேர் உக்காந்திருந்தாங்க, ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தருக்கும். ஒரு ஸ்டாண்ட்பைக்கு அதைவிட என்னங்க வேணும்?

மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த சால்வையை அம்மா கட்டில்ல வச்சேன். அவங்களுக்கு வந்ததுதான. அவங்க அதைத் தொடல.

"எப்படிடி பாடின?"ன்னாங்க.

"உங்கள மாதிரியே பாடினேம்மா."

"மாட்டேன்ல மூச்சு விட்டியா?"

"விட்டேம்மா. கை தட்டினாங்க."

என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், "அடிப் பாவி, எனக்கு இளைப்புடி. அதுக்கு மேல இழுக்க முடியல, அதனால அங்க விடறேன். நீ ஏண்டி விட்ட?"ன்னாங்க. சொல்றப்பவே கண்ணு ரொம்பிடுச்சு. பாவம், அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. தன்னை மாதிரியே ஒருத்தி இருக்கான்னா யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். குரல் கம்முது.

என்ன? நோட்டா? வேணாம்மா, ஓடற பஸ்ல எழுதினா என் எழுத்தை நானே படிக்க முடியாது. பேசிடறேன். நுணலும் தன் வாயால் கெடும்னு எங்க வீட்டுக்காரர் கெளம்பறப்ப எழுதிக் காட்டித்தான் அனுப்பினாரு.

அதுக்கப்புறம் அம்மாவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமப் போக ஆரம்பிச்சுது. புதுக்கோட்டை நாடகத்தன்னிக்குக் காலையில போன். "லோகா, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இன்னிக்கு நீ பாத்துக்க"ன்னாங்க. போன்ல குரல் கணீர்னு இருக்கு. நான் விடுவனா? சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப்போட்டுக் கஷாயம் வச்சு, பிளாஸ்க்ல ஊத்தி எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்லயே அவங்க வீட்டுக்குப் போயிட்டேன். கதவைத் தொறந்து என்னையும் பாத்தாங்க, பிளாஸ்க்கையும் பாத்தாங்க. குடிச்சாங்க. சாயங்காலம் பாடினாங்க பாருங்க, அப்படி ஒரு பாட்டு.

கும்பகோணத்துல கால் பிசகிடுச்சுன்னாங்க. வலது காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து வந்தாங்க. நான் எண்ணெயைச் சுட வச்சு எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்தா, எடது காலை நீட்டறாங்க. வலி எடம் மாறும்ல. நல்லா உருவி விட்டு, கட்டுப் போட்டு, கையைப் பிடிச்சு மேடை வரைக்கும் கொண்டுபோயி விட்டேன். விட்டுட்டு என் நாற்காலியில வந்து உக்காந்தேன். "நீ ஒரு மரக்கட்டடி லோகா"ன்னாங்க, ஏறப் போறப்ப. உடம்பு முடியாதவங்களுக்குக் கோவம் வரத்தான் செய்யும். கூட இருக்கறவங்கதான் பொறுத்துக்கணும்.

நாமக்கல்ல ரூம் கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டு, "வர முடியாது, அவளைப் போகச் சொல்லுங்க"ன்னு உள்ளேருந்து சொன்னாங்க. சபாபதி சார் என்னைப் பாத்தாரு. செல்லமுத்து அண்ணன் குங்குமத்தைத் தொட்டுட்டாரு, விரல்ல எடுத்தாச்சு. நான் கதவுகிட்ட உக்காந்து அரை மணி நேரம் பேசிப் பேசி, கதவைத் தொறக்க வச்சேன். அண்ணன் விரல்ல இருந்த குங்குமத்தை அம்மா நெத்தியில வச்சாரு. இப்படி எத்தனை தடவை தெரியுமா? எட்டு வருஷத்துல பதினோரு தடவை. பதினோரு தடவையும் நான் அவங்களை மேடை ஏத்திட்டேன். சபாபதி சார்கூட, "உன்னை மாதிரி ஸ்டாண்ட்பை ஒலகத்துல கிடையாது"ன்னாரு. அவர் அதைச் சொன்ன விதம்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. அவருக்கும் அன்னிக்கு அசதியா இருந்திருக்கும்.

துவாக்குடிங்களா இது? இல்ல, செங்கிப்பட்டிதான். சரி.

போன தை மாசம் பெரம்பலூர் நாடகம். காலையில எட்டு மணிக்குப் போன் வந்துச்சு. "லோகா, இந்தத் தடவை நெஜமாவே முடியலடி"ன்னாங்க.

நான் கஷாயம் வச்சேன்.

போனப்பத் திண்டாடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. மொகம் வேர்த்திருந்துச்சு. வேர்வையைத் தொடச்சு விட்டேன். நெஞ்சை அடைக்குதுன்னாங்க. வாயுவாத்தான் இருக்கும், சீரகம் மென்னு தண்ணி குடிங்கன்னேன். குடிச்சாங்க. "நீ போக மாட்டியாடி?"ன்னு ஒரு தடவை கேட்டாங்க. "நீங்க இருக்கறப்ப நான் எதுக்கும்மா"ன்னேன். இருபத்தோரு பாட்டும் பாடினாங்க. ஒரு வரி விடல. "மாட்"டுல நின்ன மூச்சு கொஞ்சம் நீளமா நின்னுச்சு. முதுகைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சிமிழ் என் மடியிலதான் இருந்துச்சு. தொறந்துதான் இருந்துச்சு.

ரெண்டாம் நாள், வியாழக்கிழமை விடியக்காலையில போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். ரெண்டு நாளாவே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம்.

இந்தத் தடவை நெஜமாவேன்னு சொன்னாங்கல்ல? அப்ப மத்தத் தடவையெல்லாம் என்ன? பதினோரு தடவை. அதைத்தான் ரெண்டு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். யோசிக்க ஆரம்பிச்சா அந்த எடத்துலயே நின்னுடுது, அதுக்கு மேல போக மாட்டேங்குது. சரி, உடம்பு முடியாதவங்க என்னென்னமோ சொல்வாங்க. எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு அர்த்தம் பாக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

எனக்கு அழுகை வரலங்க. கெடத்தியிருந்தப்பவும் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல. கால் மரத்துப் போச்சுன்னா கிள்ளினாலும் தெரியாதுல்ல, அப்படி இருக்கு. எங்க அக்கா போனப்ப நான் அழுதேன், நல்லா ஞாபகம் இருக்கு. இதுக்கு வரல. செல்லமுத்து அண்ணன் வந்து அம்மாவுக்குப் பொட்டு வச்சாரு. நேரா வச்சாரு. எல்லாரும் மொகத்தைப் பாத்து அழறாங்க. எனக்கு அவங்க மொகத்தைப் பாத்துப் பழக்கம் இல்ல. முதுகைப் பாத்தாத் தேவலன்னு இருந்துச்சு. படுக்க வச்சிருந்தாங்களே, முதுகு எங்க தெரியும்.

அப்புறம் சபாபதி சார் வீட்டுக்கு வந்தாரு. அம்மா நினைவா ஒரு நாடகம் போடறோம், நீதான் ராணி, உன் பேரைப் போட்டே போடறேன்னாரு. நோட்டீஸ் காட்டறேன் பாருங்க, பையில இருக்கு... இதோ. மேல மாலை போட்ட படம், அம்மா. கீழ இந்த ஓரத்துல என் பேரு. கண்ணாடி இல்லாமப் படிக்க முடியாது, விடுங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு நோட்டீஸை எடுத்து சாமி அலமாரியில வச்சிருக்காரு. அக்கா போட்டோ பக்கத்துல.

ஒத்திகை ஆரம்பிச்சு நாலாம் நாள் குரல் நின்னுபோச்சு. காத்துதான் வருது. வெண்ணெய் திரளறப்பத் தாழி உடைஞ்ச கதைதான். அம்மா தொண்டையைப் பாத்த அதே டாக்டர்கிட்டத்தான் கூட்டிட்டுப் போனாங்க. அவரு கேமராவை விட்டுப் பாத்துட்டு, கம்ப்யூட்டர்ல அம்மாவோட பழைய படத்தை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தாரு. அவங்களுக்கு இருந்த அதே எடத்துல, அதே பக்கம், சின்னதா ஒரு காய்ப்பு. உங்க குரலு இப்படிப் பாடற குரலே இல்லையே, எதுக்கு இவ்வளவு வருஷமாத் தொண்டையை இறுக்கினீங்கன்னு கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்களான்னும் கேட்டாரு. ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். பேசக் கூடாதுன்னுட்டாரே, எப்படி வெளக்கறது.

எனக்கு ஸ்டாண்ட்பை யாரும் கிடையாதுங்க. அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கு. அதனால சபாபதி சார் ஒரு வழி சொல்லியிருக்காரு. பெரம்பலூர்ல பாடினதைச் சவுண்டுக்காரர் பதிவு பண்ணி வச்சிருக்காராம், அம்மாவோட கடைசி நாடகம். என் குரல் சரியாகலன்னா அதைப் போட்டுடலாம், நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்னாரு. நல்ல வழிதான். எந்த எடத்துல மூச்சுன்னு எனக்குத் தெரியாததா? ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. செல்லமுத்து அண்ணன்தான் நடுவுல புகுந்து, "அப்ப நான் பொட்டை யாருக்கு வைக்கறது?"ன்னு கேட்டாரு. நான் எழுதிக் காட்டலாம்னு நோட்டை எடுத்தேன். என்ன எழுதறதுன்னு தெரியல, மூடிட்டேன்.

திருவெறும்பூர் தாண்டிட்டமா? இவ்வளவு பேசியிருக்கேனா. குரலைக் கேட்டீங்களா? காத்தா வருதுல்ல. கொஞ்சம் கிட்ட வாங்க.

நாலு நாள் பேசாம இருந்தேன்ல, அதுல ஒண்ணு கண்டுபிடிச்சேன். மனசுக்குள்ள அந்தப் பாட்டைப் பாடிப் பாத்தேன். அவங்க குரல்லதான் வருது. எவ்வளவு பாடினாலும் அப்படித்தான் வருது. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகமே வரல. பயந்துட்டேன். இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட எழுதிக் காட்டல. அவருக்கு எப்படிப் புரியும்? அதான், நீங்க சத்திரம் போகுமான்னு கேட்டதும் வாயைத் தொறந்துட்டேன் போல. மெல்லிசா ஒண்ணு வந்துச்சு, கேட்டீங்களா, மொதல்ல? "சத்திரம் போகும்மா"ன்னு சொன்னப்ப? எனக்குக் கேட்டுச்சு. அதைக் கேட்டுட்டுத்தான் நிறுத்த முடியல.

டாக்டர் கேட்டா, வழியெல்லாம் வாயே தொறக்கலன்னு சொல்லிடுவேன். சொல்லவும் முடியாது, எழுதிக் காட்டிடுவேன்.

பால்பண்ணை. சத்திரம்னு கேட்டீங்க, இங்கயே எறங்கறீங்களா? பையை எடுத்துக்கோங்க. என்னது, வரீங்களா? நெஜமாவா? சனிக்கிழமை, ஆறு மணி. வாங்க, எனக்குத் தெரிஞ்சவங்கன்னு யாரும் வந்ததில்ல.

மூணாவது காட்சியில அந்தப் பாட்டு வரும். "அடகு வைக்க மாட்டேன்." அந்த எடத்தை மட்டும் காது குடுத்துக் கேளுங்க. "மாட்"டுல நின்னு மூச்சு விட்டுப் பாடினா அது குஞ்சரி அம்மா, ரெக்கார்டுன்னு தெரிஞ்சுக்கோங்க. நிக்காம ஒரே மூச்சாப் போச்சுன்னா, அது...

அது...

வரல பாருங்க. அந்த நோட்டை எடுங்க. கண்டக்டரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, எம் பேரை எழுதித் தரேன்.